ஞானத்தாயின் கையெழுத்து

புனிதாவைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். இதைச் சொல்ல இனிமேல் வெட்கப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. செய்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஒரு சண்டை போட்டு, ஆறு மாதம் பேசாமல் இருந்து, அதோடு முடித்திருப்பேன்.

என் பெயர் அமலி. மலேசியாவில், கிள்ளானில் பிறந்து, கிள்ளானிலேயே திருமுழுக்குப் பெற்று, கிள்ளானிலேயே கல்யாணமும் முடித்தவள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில் குமாஸ்தா வேலை. எங்கள் தாமானில், அதாவது எங்கள் குடியிருப்பில், கத்தோலிக்கக் குடும்பங்கள் பதினான்கு. அந்தப் பதினான்கும் சேர்ந்ததுதான் எங்கள் அன்பியம். அதற்கு ஏழு வருடமாக நான்தான் தலைவி. மாதம் ஒரு வீட்டில் ஜெபம் வைப்பது, யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் பங்குத்தந்தைக்குச் சொல்வது, விண்ணப்பப் பாரங்களில் கையெழுத்துப் போட்டு தேவாலய அலுவலகத்தில் சேர்ப்பது எல்லாம் என் பொறுப்பு. சம்பளம் கிடையாது. ஆனாலும் ‘அமலி அக்காவைக் கேளுங்க’ என்று நாலு பேர் சொல்லும்போது ஒரு தெம்பு வரத்தான் செய்யும்.

புனிதா எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி இருக்கிறாள். அரசாங்கப் பல் கிளினிக்கில் தாதி. பிறந்தது இந்துக் குடும்பத்தில். ஒரு புதன்கிழமை என்னோடு நவநாள் ஜெபத்துக்குச் சும்மா வந்தாள். அடுத்த புதனும் வந்தாள். அப்புறம் நான் போகாத புதனிலும் போனாள். ஒரு வருடம் வகுப்புக்குப் போய்ப் படித்து, போன வருட ஈஸ்டரில் அவளும் மகள் கவிஷாவும் திருமுழுக்குப் பெற்றார்கள்.

“அக்கா, கவிக்கு நீங்கதான் காட்மதரா இருக்கணும். வேற யாரையும் என்னால நெனச்சுப் பாக்க முடியல லா,” என்றாள்.

ஞானத்தாய் ஆவதில் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது. திருமுழுக்குக்கு வெள்ளை உடுப்பு எடுக்க எல்லாரும் கொமுட்டர் ரயில் பிடித்து கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனோம். கவிஷாவுக்குப் பத்து நிமிடத்தில் ஒரு கவுன் அமைந்துவிட்டது. கடைக்காரப் பெண் தன் போனில் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். என் மகள் ஷெரினுக்கும் அதே வயது, அதே உயரம். ஆசைப்படுகிறாளே என்று அதே கவுனை அவளுக்கும் போட்டுப் பார்த்தேன். தலையணைக்கு உறை மாட்டியதுபோல இருந்தது. கடைக்காரப் பெண் போனை எடுக்கவில்லை. எனக்குள் முதல் பொறி விழுந்தது அங்கேதான்.

அதற்குப் பிறகு நான் எதைப் பார்த்தாலும் அது புனிதா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. வந்து ஆறு மாதத்தில் அவளை அன்பியத்துக்குச் செயலாளர் ஆக்கினார்கள். பாடகர் குழுவில் சேர்ந்த மூன்றாவது வாரமே தனியாகப் பாட விட்டார்கள். பதினெட்டு வருடமாக அதே குழுவில் பின்வரிசையில் நின்று பாடுகிறவள் நான். சிறுவர் திருப்பலியில் வாசகம் வாசிக்கக் கவிஷாவைக் கூப்பிட்டார்கள். மைக்கின் முன்னால் நின்று அவள் வாசித்தால் கடைசி பெஞ்சில் இருக்கும் கிழவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். ஷெரின் வாசித்தால் அவள் எதை வாசிக்கிறாள் என்பது அவளுக்கும் ஆண்டவருக்கும் மட்டும்தான் தெரியும்.

அவ்வளவு ஏன், புருஷன் விஷயத்திலும் அப்படித்தான். புனிதாவின் கணவர் தனேஷ் இன்றைக்கும் இந்துதான். நெற்றியில் விபூதியோடு ஒவ்வொரு ஞாயிறும் மனைவியையும் மகளையும் காரில் கொண்டுவந்து விட்டு, திருப்பலி முடியும்வரை வெளியே நிழலில் காத்திருப்பார். பரம்பரைக் கத்தோலிக்கரான என் வின்சென்ட் அந்த நேரத்தில் வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். திருப்பலி முடிந்து வெளியே வரும்போது தனேஷ் கார் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார். நான் கிராப் டாக்ஸி வருகிறதா என்று போனைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

இதெல்லாம் சில்லறைப் பொறாமைகள். யாருக்கும் நஷ்டமில்லை. கான்வென்ட் விஷயம் அப்படியில்லை.

செயின்ட் ரீட்டா கான்வென்ட் கிள்ளானில் பெயர் போன பெண்கள் பள்ளி. நான் பன்னிரண்டு வயதில் அங்கே சேர ஆசைப்பட்டேன். கிடைக்கவில்லை. வேறு பள்ளிக்கூடத்து பஸ்ஸில் ஐந்து வருடம் அதன் கேட்டைக் கடந்து போனேன். கேட்டுக்குள் போகிற பிள்ளைகளைப் பார்க்கக் கூடாது என்று தினமும் முடிவு பண்ணுவேன், தினமும் பார்ப்பேன். ஷெரினுக்கு அது வெறும் ஆசை மட்டுமில்லை, தேவையும்கூட. அவள் வாய் திறந்து பேசுகிற பிள்ளை இல்லை. தமிழ்ப்பள்ளியில் வகுப்புக்கு இருபது பேர் இருந்ததால் ஆசிரியர்கள் அவளைக் கை பிடித்துக் கூட்டிப் போனார்கள். எங்களுக்குக் கிடைக்கிற இடைநிலைப்பள்ளியில் இரண்டாயிரம் பிள்ளைகள். அங்கே போனால் என் மகள் காணாமல் போய்விடுவாள் என்று எனக்குத் தெரியும். கான்வென்ட் சின்னப் பள்ளி. அவளை யாராவது கவனிப்பார்கள்.

அரசாங்க உதவி பெறும் பள்ளிதான் என்றாலும் மிஷன் பள்ளி என்பதால், சுற்றியுள்ள பங்குத்தந்தையர் பரிந்துரைக்கும் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பான முதலாம் படிவத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்குவார்கள். பங்குத்தந்தையின் கடிதம் வேண்டும். எங்கள் ஃபாதர் பெர்னார்ட் சும்மா கடிதம் தரமாட்டார். இந்தக் குடும்பம் ஒழுங்காகத் திருப்பலிக்கும் ஜெபத்துக்கும் வருகிறதா என்று அன்பியத் தலைவி எழுதிக் கையெழுத்துப் போட்ட பாரம் முதலில் அவர் மேசைக்குப் போக வேண்டும். தலைவி தன் சொந்தப் பிள்ளைக்குக் கையெழுத்துப் போடக் கூடாது. அதைச் செயலாளர் போடுவார்.

அக்டோபரில் புனிதா இரண்டு பாரங்களோடு என் வீட்டுக்கு வந்தாள். ஷெரினுடைய பாரத்தை அங்கேயே, என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நிரப்பினாள். கருத்து எழுதுவதற்கு இரண்டு வரிதான் இடம் இருந்தது. அவள் பின்பக்கமும் திருப்பி எழுதினாள். அமைதியான பிள்ளை, சின்னப் பிள்ளைகளை ஜெபத்தில் உட்கார வைத்துக் கதை சொல்வாள், பெரியவர்களுக்குக் கேட்காமலே தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள் என்று. என் மகளைப் பற்றி நானே கவனிக்காததையெல்லாம் அவள் கவனித்து வைத்திருந்தாள். அதுவும் எனக்கு எரிந்தது.

“கவியோடது உங்ககிட்டயே இருக்கட்டும் அக்கா. சைன் போட்டு ரெண்டையும் ஒண்ணா ஆபீஸ்ல குடுத்துடுங்க,” என்றாள். “ரெண்டு பேரும் ஒரே ஸ்கூலுக்குப் போனா எவ்ளோ நல்லா இருக்கும். தனேஷ் ஏத்திக்கிட்டுப் போயிடுவாரு.”

அவள் போனபிறகு நான் கவிஷாவின் பாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன வருடம் எங்கள் பங்கிலிருந்து கான்வென்டுக்குப் போனது ஒரே ஒரு பிள்ளை. அப்படியானால் எங்கள் பங்குக்கு ஒரே ஓர் இடம். இரண்டு பாரமும் ஒன்றாகப் போனால் ஃபாதர் யாருக்குக் கடிதம் எழுதுவார்? மைக்கில் மணி அடித்ததுபோல வாசிக்கிற பிள்ளைக்கா, வாயைத் திறக்காத பிள்ளைக்கா? இதற்குக் கணக்கு வாத்தியார் தேவையில்லை. எத்தனை இடம் என்று அலுவலகத்தில் கேட்டிருக்கலாம். கேட்டால் ஏன் கேட்கிறேன் என்று நினைப்பார்களோ என்று பயந்து கேட்கவில்லை.

மறுநாள் ஷெரினின் பாரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கவிஷாவுடையதை ஒரு கோப்பில் வைத்து அலமாரியில் போட்டேன். கிழித்துப் போடவில்லை. கிழித்தால் பாவம், வைத்திருந்தால் மறதி என்று எனக்கு நானே ஒரு சட்டம் எழுதிக்கொண்டேன். கடைசித் தேதி வெள்ளிக்கிழமை. வெள்ளி வந்தது, போனது. அடுத்த ஜெபத்தில் புனிதா மெதுவாக என் பக்கம் சாய்ந்து, “அக்கா, குடுத்தாச்சா?” என்று கேட்டாள்.

“ம். குடுத்தாச்சு,” என்றேன். ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஷெரினுக்குக் கான்வென்டிலிருந்து கடிதம் வந்தது. வின்சென்ட் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, பழைய கிள்ளானில் போய் பக்குத்தே சூப் சாப்பிடலாம் என்று எல்லாரையும் கிளப்பினார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. முப்பது வருடம் கழித்து அந்தக் கேட்டுக்குள் நானே நுழைகிறதுபோல இருந்தது. ஒரு வார்த்தை மறைக்காமல் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு எந்தக் குற்ற உணர்ச்சியும் இல்லை. புனிதா வீட்டுத் தபால் பெட்டியைத் தாண்டும்போது ஒரு சின்னத் திருப்திகூட இருந்தது.

மறுநாள் புனிதா வந்து ஷெரினைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். ஒரு நல்ல பேனா செட் வாங்கி வந்திருந்தாள். பிறகு வாசல்வரை வந்தபோது என்னிடம் சொன்னாள்.

“கவிக்கு வரல அக்கா. பரவால்ல லா. நாங்க நேத்து வந்தவங்கதானே. பரம்பரையா இருக்கிறவங்களுக்குத்தானே மொதல்ல குடுப்பாங்க. அதுதானே நியாயம்.”

நான் அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். கேட்டின் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டேன்.

“தனேஷ்தான் ரொம்ப கோவப்படறாரு. ‘பாத்தியா, தலையில தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுத்தாலும் நீங்க வெளியாளுதான்’னு சொல்லிட்டாரு. பிள்ளை முன்னாடி அப்படிச் சொல்லாதீங்கன்னு நான்தான் சத்தம் போட்டேன்.”

அடுத்த ஞாயிறு கவிஷா வாசிக்க வரவில்லை. தொண்டை வலி என்றார்கள். அதற்கடுத்த ஞாயிறும் தொண்டை வலி. அந்த வாரம் மைக்கில் ஷெரினை நிற்க வைத்தார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து, இவ்வளவு நாள் ஆசைப்பட்டது நடந்துவிட்டதே என்று சந்தோஷப்பட முயற்சி செய்தேன். கார் நிறுத்துமிடத்தில் தனேஷ் இல்லை. புனிதா தனியாக வந்து தனியாகப் போனாள். என்னோடு கிராப்புக்குக் காத்து நின்றாள். அன்றைக்குத்தான் எனக்குச் சாப்பாடு இறங்காமல் போனது.

கிறிஸ்மஸுக்கு முந்தைய வாரம் எங்கள் பங்கில் பாவசங்கீர்த்தனம் நடக்கும். ஆள் அதிகம் என்பதால் அக்கம்பக்கத்துப் பங்குகளிலிருந்து ஐந்தாறு குருக்களைக் கூப்பிட்டு, மண்டபத்தின் மூலைக்கு ஒருவராக நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். நாம் விருப்பப்பட்ட வரிசையில் நிற்கலாம். ரவாங் ஊரிலிருந்து ஒரு வயதான குரு வருவார். காது கொஞ்சம் மந்தம். அதனால் அவர் வரிசைதான் எப்போதும் நீளம். ஃபாதர் பெர்னார்ட் முன்னால் ஒரு ஈ காக்கா நிற்காது. வாரா வாரம் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நானும் ரவாங்காரர் வரிசையில்தான் நின்றேன். எனக்கு முன்னால் பதினோரு பேர் இருக்கும்போது, ஒழுங்குபடுத்துகிறவர் வந்து, “இங்கேருந்து பின்னாடி நிக்கிறவங்க எல்லாம் அந்தப் பக்கம் வாங்க, ஃபாதர் பெர்னார்ட் சும்மா இருக்காரு,” என்று வரிசைக் கயிற்றை இழுத்தார். நான்தான் முதல் ஆள். அன்பியத் தலைவி பாவசங்கீர்த்தன வரிசையிலிருந்து நழுவினால் எங்கள் பங்கில் அது ஒரு மாதத்துக்குச் செய்தி. போய் உட்கார்ந்தேன்.

“பொறாமைப்பட்டேன் ஃபாதர்,” என்று ஆரம்பித்தேன். அதோடு இரண்டு சில்லறைப் பாவங்களைச் சேர்த்து முடித்துவிடலாம் என்று கணக்கு.

“அதனால யாருக்காவது நஷ்டம் வந்துச்சாம்மா?” என்று கேட்டார்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாரம், கோப்பு, அலமாரி, ஜெபமாலையோடு சொன்ன பொய் எல்லாம். சொல்லி முடித்தபோது ஒரு நிம்மதிகூட வந்தது. இனி ஃபாதர் பார்த்துக்கொள்வார், கான்வென்டுக்கு ஒரு போன் போடுவார், கவிஷாவுக்கு எப்படியாவது ஒரு வழி செய்வார் என்று நினைத்தேன்.

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“நமக்கு ரெண்டு இடம் அமலி,” என்றார். “போன வருஷமும் ரெண்டுதான். போன வருஷம் ஒரு பிள்ளைதான் அப்ளை பண்ணுச்சு. இந்த வருஷமும் ஒரு பாரம்தான் வந்துச்சு. கவிஷாவோடது வரலையேன்னு நெனச்சேன். அவங்க அப்பாவுக்கு இஷ்டமில்ல போலன்னு விட்டுட்டேன். அந்த இடத்தை நவம்பர்லயே அடுத்த பங்குக்குக் குடுத்தாச்சு. அந்தப் பிள்ளைக்கும் லெட்டர் போயிருக்கும்.”

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது, நான் யாரிடமிருந்தும் எதையும் பிடுங்கத் தேவையே இருக்கவில்லை என்பது புரிந்தது. இரண்டு பிள்ளைகளும் தனேஷின் காரில் ஒன்றாகப் போயிருப்பார்கள்.

“நீங்க ஸ்கூலுக்கு ஒரு போன் போட்டுப் பேச முடியாதா ஃபாதர்?”

“பாவசங்கீர்த்தனத்துல கேட்டதை வச்சு நான் ஒரு விரலையும் அசைக்க முடியாதும்மா. எந்திரிச்சுப் போனா எனக்கு இது தெரியாது. நீ போய் அந்தத் தாய்கிட்ட சொல்லணும். அதுதான் உனக்குப் பரிகாரம். அப்புறம் அவங்க ஆபீசுக்கு வந்து கேட்டாங்கன்னா, அப்பீலுக்கு நான் எழுதித் தரேன். கிடைக்கும்னு சொல்ல முடியாது.”

வேறு ஏதாவது பரிகாரம் தரக் கூடாதா, ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை, முழங்காலில் சிலுவைப்பாதை, எது வேண்டுமானாலும் செய்கிறேன் என்று கேட்க வாய் வந்தது. பின்னால் வரிசை நின்றது. எழுந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் புனிதா வீட்டுக்குப் போனேன். தனேஷ் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். வழக்கமாக, “வாங்க அக்கா, டீ குடிக்கிறீங்களா?” என்று கேட்பவர் அன்றைக்கு ஒரு தலையாட்டலோடு நிறுத்திக்கொண்டார். புனிதா அடுப்படியில் அச்சு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். அச்சை மாவில் முக்கி எண்ணெயில் இறக்குவதும், முறுக்கு கழன்று மிதந்ததும் எடுப்பதுமாக இருந்தாள். எனக்கு ஒரு தடவைகூட ஒழுங்காகக் கழன்று வந்ததில்லை. அந்த நிலைமையிலும் என் கண் அதைத்தான் பார்த்தது.

“புனிதா, அடுப்பை அமத்து,” என்றேன்.

சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். ஷெரினுடைய இடத்தைக் கவிக்கு விட்டுத் தருகிறேன் என்று சொல்லத்தான் போனேன் என்று எழுத எனக்கு ஆசையாக இருக்கிறது. வழியெல்லாம் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். அங்கே போனதும் வரவில்லை. வேறு எல்லாவற்றையும் சொன்னேன், அதை மட்டும் சொல்லவில்லை. பாரத்தை மேசைமேல் வைத்தேன்.

புனிதா அந்தப் பாரத்தைப் பார்த்தாள். அதில் மேலே எல்லாம் அவள் கையெழுத்து, கீழே நான் கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது.

“அன்னிக்கு உங்க வீட்லதானே அக்கா உக்காந்து ஷெரினுக்கு எழுதிக் குடுத்தேன்,” என்றாள். குரலை உயர்த்தவில்லை.

“ஆமா.”

“பத்தலைன்னு பின்னாடியும் எழுதினேன்.”

“ஆமா புனிதா.”

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். தனேஷைக் கூப்பிடுவாள், தாமானே கூடும் என்று பயந்தேன். அப்படி நடந்திருந்தால் நானும் கொஞ்சம் அழுது, கொஞ்சம் சண்டை போட்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பேன். அவள் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டாள்.

“என்கிட்ட சொல்லிட்டீங்க. அவகிட்டயும் நீங்களே சொல்லுங்க. மூணு வாரமா, நம்ம புதுசுங்கறதால சாமிக்கு நம்மளப் பிடிக்கலையாம்மான்னு கேட்டுக்கிட்டு இருக்கா. எனக்குப் பதில் தெரியல,” என்று சொல்லிவிட்டு, மாடிப்படிப் பக்கம் திரும்பி, “கவி, கீழ வா,” என்று கூப்பிட்டாள்.

கவிஷா தலை வாராமல், வீட்டு உடுப்போடு இறங்கி வந்தாள். “காட்மா!” என்று சிரித்தாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை. திருமுழுக்கு அன்று அவள் தோளில் கை வைத்து, இந்தப் பிள்ளையை விசுவாசத்தில் வளர்ப்பேன் என்று சபைக்கு முன்னால் சொன்னவள் நான். இப்போது அவள் முன்னால் நின்று, உன் பாரத்தை நான் கொடுக்கவே இல்லை, உன்னை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, நான்தான் மறைத்து வைத்தேன் என்று சொன்னேன். சொல்லும்போது அவள் சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் அம்மா பக்கம் போய் ஒட்டி நின்றுகொண்டாள்.

“நான் ஏதாச்சும் தப்பு செஞ்சேனா?” என்று கேட்டாள்.

எனக்கு எத்தனையோ பொய் சொல்ல வரும். அந்த நேரத்தில் ஒன்றுகூட வரவில்லை.

“நீ ஒரு தப்பும் செய்யலம்மா. நீ நல்லா வாசிக்கிற, நல்லா படிக்கிற. எல்லாத்துலயும் ஷெரினைவிட நல்லா இருக்க. அது எனக்குத் தாங்கல. அதான்.”

வெளியே தனேஷ் தண்ணீர்க் குழாயை மூடும் சத்தம் கேட்டது. கவிஷா என்னை ஒரு பெரிய ஆளைப் பார்ப்பதுபோல அல்ல, வகுப்பில் அழுகிற பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“இதை ஷெரின்கிட்ட சொல்லிடாதீங்க ஆன்டி,” என்றாள். “அவ அழுவா.”

திருமுழுக்குக்குப் பிறகு அவள் என்னை ஆன்டி என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான்.